நாலு சொல்லில் பன்னிரண்டு மாதம்

வாக்குமூலத்தைத் தமிழிலேயே எழுதித் தரலாம் என்றீர்கள். நன்றி. மொழிபெயர்க்க ஆள் இருக்கிறார் என்றும் சொன்னீர்கள். பொறுப்பான ஆளாக இருந்தால் நல்லது. அது லேசான வேலை இல்லை. மூன்று வருடம் பார்த்திருக்கிறேன்.

என் பெயர் சொரிமுத்து. தாராவியில் தோல் கிடங்கில் சுமை தூக்கியவன். மாரிக்கண்ணன் என் மனைவி சண்முகவடிவின் தம்பி. அவனும் அதே கிடங்குதான். உப்புத்தோல் கட்டு ஒன்றை நாங்கள் இரண்டு பேர் பிடித்து ஏற்றுவோம். அவன் ஒற்றை ஆளாகத் தோளில் போட்டுக்கொண்டு லாரியில் ஏறுவான். அதைப் பார்த்துத்தான் ரக்பி கிளப்காரர்கள் கூட்டிக்கொண்டு போனார்கள். பக்கத்துக்குப் பதினைந்து பேர். முட்டை மாதிரி இருக்கும் பந்தை அணைத்துக்கொண்டு ஒருவன் ஓட, எதிராளிகள் மோதிச் சாய்க்க வேண்டும். கிடங்கில் இதைவிட மோசமாக நசுங்கியவர்களைப் பார்த்திருக்கிறோம். ஆகவே வீட்டில் யாரும் பயப்படவில்லை.

முதல் வருடமே பின்தலையில் அடி. அப்போதுதான் ஒன்று தெரிந்தது. மண்டையில் அடிபட்டால் அவனுக்கு இந்தி போய்விடும். பிறந்து வளர்ந்தது பம்பாய், கூட்டாளிகளோடு சண்டை போடுவதுகூட இந்தியில்தான். ஆனால் அடிபட்டு எழுந்தால் அவன் அம்மா பேசிய திருநெல்வேலித் தமிழ் மட்டும்தான் வரும். கிளப் டாக்டர் அஸ்ரின் மேடத்துக்குத் தமிழ் தெரியாது. அடிபட்டவனை வெளியே உட்கார வைத்துச் சில கேள்விகள் கேட்பார்கள். சரியாகச் சொன்னால்தான் திரும்ப ஆடவிடுவார்கள். அதற்காக, வேடிக்கை பார்க்கப் போயிருந்த என்னைக் கூப்பிட்டார்கள்.

எந்தப் பாதி நடக்கிறது என்று கேட்டார் டாக்டர். முதல் பாதி என்றான். நடந்தது இரண்டாம் பாதி. ஒரு பாதிதானே வித்தியாசம், திருத்திச் சொன்னேன். போய் ஆடினான். ஜெயித்தார்கள்.

அடுத்த வாரம் என் படம் ஒட்டிய அட்டை ஒன்றைக் கிளப்பில் கொடுத்தார்கள். வீரர் உதவியாளர் என்று போட்டிருந்தது. இருபத்திரண்டு வருடமாகக் கிடங்கு முதலாளி சேட் என்னை "ஏ மதராஸி" என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். அட்டையைக் கண்டதும் கேட்டில் நின்ற செக்யூரிட்டி "ஆயியே, சார்" என்று வரவேற்று விலகி நின்றான். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், நான் செய்தது முழுக்க மாரிக்கண்ணனுக்காகத்தான் என்பது உங்களுக்கு விளங்க வேண்டும்.

இரண்டாம் வருடம் நெற்றியில் ஒரு முழங்கை. டிசம்பரிலிருந்து மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொன்னார் டாக்டர். "ஆடி, ஆவணி, ஆடி, ஆடி" என்றான். நான் டிசம்பரில் ஆரம்பித்து ஜனவரி வரை இறங்கினேன்.

"அவர் நாலு சொல்தானே சொன்னார்?" என்றார் டாக்டர்.

"தமிழ் சுருக்கமான பாஷை, மேடம்."

குறித்துக்கொண்டார். படித்தவர்களுக்கு மற்ற பாஷைகள்மீது மரியாதை உண்டு.

மூன்றாம் வருடம் அவன் எங்கள் சந்துக்குள் வந்தும் வீடு எது என்று தெரியாமல் தேட ஆரம்பித்தான். அக்காவைப் பார்த்து "யம்மா" என்றான். சண்முகவடிவு என்னிடம் கத்தினாள்.

"எந்தம்பி தலைய தேங்கான்னு நெனச்சியளா? டாக்டர்ட்ட உள்ளதச் சொல்லுங்க."

"சொல்லிக்கிட்டுத்தான்ட்டி இருக்கேன்."

"அவன் சொல்லுதத சொல்லுதியளா, நீங்க சொல்லுதத சொல்லுதியளா?"

தொழில் தெரியாதவர்களோடு வாதாடக் கூடாது. அட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

செம்பூரில் கடைசி ஆட்டம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் அவன்மேல் மோதினார்கள். வெளியே வந்து உட்கார்ந்தவன் கண் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

எந்த மைதானம் என்று கேட்டார் டாக்டர். "லாரி வந்துட்டா அத்தான்?" என்றான். செம்பூர் என்று சொன்னேன்.

கடைசியாகப் புள்ளி எடுத்தது யார் என்று கேட்டார். "தலைக்குள்ள மோட்டார் ஓடுது" என்றான். எங்கள் ஏழாம் நம்பர் என்று சொன்னேன்.

டாக்டர் அவன் முகத்தைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தார். மேலே ஆட விருப்பமா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். அவன் என் கழுத்து அட்டையின் நாடாவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

"என்னய அக்காட்ட கூட்டிட்டுப் போங்க அத்தான்."

"ஆடியே தீருவானாம், மேடம்."

"பக்கா?"

"பக்கா."

நாடாவிலிருந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு ஆறு நிமிடம் ஆடினான்.

டாக்டர்மீது குற்றமில்லை. கேட்க வேண்டியதைச் சரியாகத்தான் கேட்டார். மூன்று வருடத்தில் மாரிக்கண்ணன் சொன்ன ஒரு பதிலைக்கூட நான் அப்படியே சொல்லவில்லை. அவனுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று தெரிந்தேதான் உள்ளே அனுப்பினேன். இதை ஒப்புக்கொள்கிறேன்.

நாளை அவனை நேரில் விசாரிக்க வருவதாகச் சொன்னீர்கள். இப்போது அவன் வாயிலிருந்து வருவது சண்முகவடிவுக்கே விளங்குவதில்லை. வெறும் சத்தம் என்று அழுகிறாள். பழக்கம் இருப்பதால் எனக்கு விளங்குகிறது. நேற்று என் கையைப் பிடித்து அரைமணி நேரம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். அத்தான்மேல் வருத்தம் ஒன்றுமில்லை என்றுதான் சொன்னான். நீங்கள் வந்து கேளுங்கள். நான் பக்கத்திலேயே இருந்து எடுத்துச் சொல்கிறேன். அட்டையை இன்னும் யாரும் திரும்பக் கேட்கவில்லை.