கண்டக்டரின் மதிப்பெண்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: எனக்கு வயதானவர்களை ரொம்பப் பிடிக்கும். பேருந்தில் யாராவது தள்ளாடி ஏறினால் முதலில் எழுந்து இடம் கொடுப்பவள் நான்தான். உட்கார்ந்திருக்கும் மற்றவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் எழுவேன். நல்ல காரியத்தை நாலு பேர் பார்க்கச் செய்தால்தான் நாலு பேருக்குச் செய்யத் தோன்றும்.

விசாரணைக் குழுவினராகிய நீங்கள் நடந்ததை என் சொந்த வார்த்தைகளில் எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

நம் பல்கலைக்கழகத்தின் சமூகத் தொழில்முனைவோர் போட்டி எப்படி நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். மக்களிடம் ஒரு பிரச்சினையைக் கண்டுபிடிக்க வேண்டும், அதற்கு ஒரு தீர்வு செய்ய வேண்டும், அதனால் ஒருவராவது மாறினார் என்று காட்ட வேண்டும். ஓர் அணி சூரிய அடுப்பு செய்தது. செயல்முறை விளக்க நாளில் மழை பெய்ததால் அவர்கள் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள். எங்கள் அணி எடுத்துக்கொண்டது முதியோர் தனிமை. அதற்கு மழையும் வெயிலும் ஒன்றுதான்.

'கூடவே' என்று ஒரு செயலி செய்தோம். அதில் பதிவு செய்யும் முதியவர் வீட்டுக்கு மாணவர்கள் முறை வைத்துப் போய்ப் பேசிக்கொண்டிருப்பார்கள். செயலி சில கேள்விகள் கேட்டு, தனிமைக்கு மதிப்பெண் போடும். கூடுதல் மதிப்பெண் என்றால் கூடுதல் தனிமை. செயலியை எழுதியது என் அணியில் இருந்த கண்ணாடி. அவனை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம். கண்ணாடியைக் கழற்றினால் அவனுக்கே அவனை அடையாளம் தெரியாது.

எங்கள் வழிகாட்டிப் பேராசிரியை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார்: "முன்னாடி எவ்வளவு, பின்னாடி எவ்வளவு, ரெண்டு நம்பர் காட்டணும். அதுக்கு நடுவுல இருக்கிற தூரம்தான் உங்க வேலை."

அந்த வாக்கியத்தை நான் மறக்கவேயில்லை.

பல்கலைக்கழகத்துக்குப் பின்புறத் தெருவில் இருக்கும் அடுக்குமாடி வீடுகளில் ஏறி இறங்கினோம். அப்போது ஒன்று கற்றுக்கொண்டேன்: உண்மையிலேயே தனியாக இருப்பவர்கள் கதவைத் திறப்பதில்லை. ஓர் அம்மா சங்கிலியை எடுக்காமலே "எதுவும் வாங்கறதில்ல" என்றார். நாங்கள் விற்க வரவில்லை, அன்பு செலுத்த வந்திருக்கிறோம் என்றேன். "அதுவும் வேண்டாம்" என்று சாத்திவிட்டார். இன்னொருவர் உள்ளே விட்டார், ஆனால் கேமராவைக் கண்டதும் அழ ஆரம்பித்து நிறுத்தவேயில்லை. அழுகை ஓரளவுக்கு மேல் போனால் பார்ப்பவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

அப்புறம்தான் கண்டக்டர் கிடைத்தார். பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. முழங்கால் இரண்டும் தேய்ந்து போனதால் கீழே இறங்குவதே இல்லை. மனைவி காலமாகிவிட்டார். ஒரே மகள் தூரத்து நகரத்தில் நர்ஸ். வெள்ளை மீசை. ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தால் வெளிச்சம் பாதி முகத்தில் அழகாக விழும். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது.

"கடைசியா எப்போ தனியா இருக்கிற மாதிரி உணர்ந்தீங்க ஐயா?" என்று கேட்டேன்.

"குளிக்கும்போது பாப்பா. அப்பவும் சலூன்காரன் வெளியில நின்னு, சீக்கிரம் வா, காய் அடுக்கிட்டேன்னு கத்துவான்."

கட்டடத்தின் கீழ்த் தளத்தில் சலூன் வைத்திருப்பவர் சாயங்காலம் ஆனதும் படியேறி வந்துவிடுவார். கேரம் ஆட்டம். ஒரு நாள் பாதி மீசை வெட்டிய வாடிக்கையாளரும் ஆட்டம் பார்க்கக் கூடவே ஏறி வந்திருந்தார். ஆட்டத்தின் நடுவில் மகள் போன் பண்ணுவாள். கண்டக்டர் அதை ஸ்பீக்கரில் போடுவார். அவள் அப்பாவைத் திட்டுவாள், சலூன்காரரைத் திட்டுவாள், ஒரு முறை யாரென்றே தெரியாமல் எங்களையும் திட்டினாள். அந்த வீட்டில் ஒரு நாற்காலி காலியாக இருந்து நான் பார்த்ததில்லை.

செயலி அவருக்குப் பூஜ்யம் போட்டது. போட்டதோடு நிற்காமல் திரையில் பலூன் பறக்கவிட்டு வாழ்த்தும் சொன்னது.

"இவருக்கு நம்மளவிட ஃப்ரெண்ட்ஸ் ஜாஸ்தி. வேற ஆளைப் பார்ப்போம்" என்றான் கண்ணாடி.

"ஆளெல்லாம் சரிதான். கொஞ்சம் தனிமைதான் குறையுது" என்றேன். அவன் சிரித்தான். அன்றைக்கு நானும்தான் சிரித்தேன்.

அந்தப் பூஜ்யத்தைச் சோதனை ஓட்டம் என்று சொல்லி அழித்தேன். கண்ணாடிக்கு இதற்குமேல் எதுவும் தெரியாது. அவனை விட்டுவிடுங்கள்.

மறுநாள் சலூனுக்குப் போனேன். "அண்ணா, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். ஐயாவுக்கு இதயம் ரொம்ப பலவீனமா இருக்காம். ஆட்டம், சத்தம், படபடப்பு எதுவும் ஆகாதாம். உங்ககிட்ட சொல்ல அவருக்குச் சங்கடம்."

கத்தரிக்கோல் நின்றது. "எங்கிட்ட என்னம்மா சங்கடம்?"

"நீங்க கேட்டா உடைஞ்சு போயிடுவார். கேக்காம, தொந்தரவு பண்ணாம இருந்தாலே பெரிய உதவி அண்ணா."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல மனிதர். நல்ல மனிதர்களிடம் ஒரு முறை சொன்னால் போதும்.

சில நாள் பொறுத்துப் பார்த்த கண்டக்டர், ஜன்னல் வழியாக வாயில் விரலை வைத்து விசில் அடித்தார். நான் அப்போது பக்கத்தில் இருந்தேன். சலூன்காரர் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். கையை நெஞ்சில் வைத்துக் காட்டி, போங்கள், உள்ளே போய்ப் படுங்கள் என்று சைகை செய்துவிட்டுக் கடைக்குள் போய்விட்டார். மூன்றாவது மாடியிலிருந்து பார்க்க அது 'ஆளை விடுங்க' என்பது போலத்தான் இருந்தது.

"என்னாச்சு இவனுக்கு?" என்றார்.

"எல்லாருக்கும் வேலை இருக்கும்ல ஐயா" என்றேன். அது பொய் இல்லை. எல்லோருக்கும் வேலை இருக்கிறது.

மகள் விஷயம் இன்னும் சுலபம். அணியின் சார்பில் அவருக்குப் புது எண்ணோடு புதுப் போன் பரிசளித்தோம். பழையதை பேட்டரி மாற்றித் தருவதாகச் சொல்லி வாங்கி என் பையில் வைத்துக்கொண்டேன். புதுப் போனில் மகளின் எண்ணைப் பதியும்போது ஓர் இலக்கத்தை மாற்றிப் போட்டேன். வாழ்நாளெல்லாம் பயணிகளின் முகத்தை நினைவில் வைத்தவர், எண்களை நினைவில் வைத்தவரில்லை. அவர் கூப்பிடும்போதெல்லாம், அப்படி ஓர் எண் இல்லை என்று ஒரு பெண் குரல் மரியாதையாகச் சொல்லும்.

பழைய போனுக்கு மகள் கூப்பிட்டாள். நான் எழுத்தில் பதில் அனுப்பினேன்: 'காது சரியா கேக்கல. இனிமே மெசேஜ்லயே பேசுவோம். போலாம் ரைட்.' அந்தப் 'போலாம் ரைட்' எனக்கே பிடித்திருந்தது. அதன்பின் தினமும் எழுதினேன். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டேன். ஒரு மகளுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? அவள் லீவு போட்டு வருவதாகச் சொன்னபோது, 'வராத, நானும் சலூன்காரனும் டூர் போறோம்' என்று அனுப்பினேன்.

மதிப்பெண் ஏற ஆரம்பித்தது. சொன்னால் நம்பமாட்டீர்கள், பயிர் வளர்வதைப் பார்ப்பது போல இருந்தது. முதலில் அவர் வேடிக்கை பேசுவது குறைந்தது. பிறகு மீசையைத் திருத்துவதை விட்டார். ஒரு நாள் போனபோது வலது கையும் இடது கையுமாகத் தனக்குத்தானே கேரம் ஆடிக்கொண்டிருந்தார்.

"யாரு ஐயா ஜெயிக்கிறது?"

"இடது கை ஏமாத்துது பாப்பா" என்றார். வழக்கம்போலச் சிரிக்கத்தான் பார்த்தார்.

அன்றைக்கு எடுத்த மதிப்பெண்தான் எங்கள் 'முன்'.

அதற்குப்பின் நாங்கள் உண்மையாக உழைத்தோம். யாரும் அதை மறுக்க முடியாது. தினமும் போனோம். பாட்டுப் பாடினோம், கேரம் ஆடினோம். எனக்குக் காய் குழியில் விழாது, அவர் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார். மணி அடிக்குமுன்னே கதவு திறந்துவிடும். அப்புறம் கதவுக்கு வெளியே படியிலேயே உட்கார்ந்து காத்திருக்க ஆரம்பித்தார். மதிப்பெண் சரசரவென்று இறங்கியது. கேமரா முன்னால் அவராகவே சொன்னார்: "இந்தப் புள்ளைங்க இல்லேன்னா எனக்கு யாரு?" யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அந்தப் பதிவைப் பார்த்துப் பேராசிரியை மூக்கை உறிஞ்சினார்.

நோயாளி இல்லாமல் எந்த வைத்தியரும் வைத்தியம் பார்க்க முடியாது. நாங்கள் வைத்தியத்தில் குறை வைக்கவில்லை.

இறுதிச் சுற்று வெளியூரில். அணி முழுவதும் கிளம்பினோம்.

"எப்போ வருவீங்க?" என்று கேட்டார்.

"ஜெயிச்சுட்டு வர்றோம் ஐயா."

"ஜெயிக்கலேன்னாலும் வாங்க."

ஜெயித்தோம். நடுவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அன்று காலையில் கண்டக்டர் குளியலறையில் விழுந்திருக்கிறார். குழாய் திறந்தபடி கிடந்து, தண்ணீர் படிப்படியாக இறங்கி சலூன் வாசலுக்கு வந்திருக்கிறது. சலூன்காரர் தொட்டி வழிகிறது என்று கூட்டித் தள்ளினார். சந்தேகம் வந்து மேலே போய் மெதுவாகத் தட்டினார். பதில் இல்லை. இதய நோயாளி, மருந்து போட்டுத் தூங்குகிறார், எழுப்பக் கூடாது என்று ஓசைப்படாமல் இறங்கிவிட்டார். மறுநாளும் தண்ணீர் வந்த பிறகுதான் கதவை உடைத்தார்.

சேதி கேட்டதும் நாங்கள் கோப்பையோடு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம், அவருக்குக் காட்டலாம் என்று. மகள் அதற்குள் வந்திருந்தாள். அவள் வந்தபோது அவருக்கு மூச்சு இருந்தது, பேச்சு இல்லை. அன்று சாயங்காலம் அதுவும் நின்றது.

பழைய போனை மகளிடம் நானே கொடுத்தேன். முழுவதும் சார்ஜ் போட்டிருந்தேன். அடுத்தவர் பொருளை வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை.

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது எப்படி உங்கிட்ட?" என்றாள். நான் சொன்னேன். கேட்டால் சொல்லிவிடுவேன்.

"அப்பாவுக்கு மெசேஜ் அடிக்கவே தெரியாது" என்றாள், ரொம்ப மெதுவாக. "இந்த வயசுல கத்துக்கிட்டாரேன்னு வார்டுல எல்லார்கிட்டயும் காமிச்சேன்."

சலூன்காரர் பக்கத்தில் நின்றிருந்தார். "இதயத்துக்கு ஒண்ணுமே இல்லைன்னு டாக்டர் சொல்றாரும்மா" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அவர் கோபப்படவில்லை. நான் ஏதாவது விளக்கம் சொல்வேன் என்று காத்திருந்தவர் போல இருந்தது.

ஆகவே நீங்கள் அனுப்பிய குற்றச்சாட்டுகளில் சலூன்காரர், போன், மதிப்பெண் ஆகிய மூன்றையும் ஒப்புக்கொள்கிறேன். கோப்பையைத் திருப்பித் தரவும் தயார். ஆனால் மேடையில் நான் பொய் சொன்னேன் என்று கடைசியாக ஒன்று எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் நீக்கிவிடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். 'இந்த மனிதருக்கு எங்களைத் தவிர இந்த உலகத்தில் யாருமே இல்லை' என்று சொன்னேன். அதைச் சொன்ன அன்று, அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.