எந்த ஊர்க் கோழி

மே 9, வியாழன், காலை பத்து இருபது. காற்றே இல்லாத வெயில். திருச்சுழி பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில், துபாயிலிருந்து திரும்பிய ஒருவர் கூடையில் வான்கோழி வைத்திருந்தார். பக்கத்தில் அதை விலை பேசிக்கொண்டிருந்தார் விவசாயம் பார்க்கும் ஒரு சம்சாரி.

“இங்கிலீஷ்ல இதுக்குத் துருக்கின்னு பேரு, மாமா.”

“அப்ப துருக்கிக் கோழியா?”

“துருக்கிக்காரன் இதை இந்தியாக் கோழிங்கான். அரபிக்காரன் ரோமாபுரிச் சேவல்ங்கான்.”

சம்சாரி, பார்ப்பதற்காகத் தன் மடியில் வாங்கி வைத்திருந்த கூடையை அவரிடமே தள்ளினார்.

“ஊருக்கு ஒரு பேரு வச்சிருக்கவன் களவாணிப்பயலாத்தான் இருப்பான். எந்த ஊரு உருப்படின்னு தெரியாம நாங்க ஒரு ஆட்டுக்குட்டிகூட பிடிச்சதில்ல. நெசமாவே இது எந்த ஊரு?”

“அமெரிக்கா.”

“பெறந்த ஊருப் பேரை மட்டும் ஒருத்தனும் சொல்லலையே! அதுல என்னமோ இருக்கு. எனக்கு வேண்டாம் மாப்ள.”

தன் ஊர் வந்ததும் அவர் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனார். கூடைக்காரர் என் பக்கம் திரும்பினார்.

“ஐயா, நீங்க எந்த ஊருன்னெல்லாம் கேக்க மாட்டீகள்ல?”

மாட்டேன் என்று தலையாட்டினேன், அவ்வளவுதான். திருச்சுழியில் கூடை என்னோடு இறங்கியது. அதற்கு எடுத்த லக்கேஜ் டிக்கெட்டையும் சேர்த்து, அறுநூற்றுப் பதினாறு ரூபாய்.