பிக்ரூட் வளைவில் ஒரு ஹெல்மெட்

காலையில ஆறரை மணி. ஜூலை மாசம். நம்ம ஊரு பூமியோட தென்கோடி, ஜூலைதான் நடுக் குளிர்காலம்; ஆறரைன்னா நடுராத்திரி மாதிரிதான், விடிய எட்டாகும். பிக்ரூட் மலை ரோட்டுல ஈ காக்கா கிடையாது. ஒரே ஒரு பைக்கோட வெளிச்சம் மட்டும் போகுது...

உக்காருடா டேரன். சாவியை ஆட்டிக்கிட்டே நிக்காத. இந்தப் பனியில இப்பவே கிளம்பி, மில்லு வாசல்ல போய்ப் படுத்துட்டா காலையில லேட் ஆகாதுன்னு கணக்குப் போடுற. உனக்கு ஏற்கெனவே ரெண்டு லேட்டு. மூணாவதுக்கு வேலை போயிடும். தெரியும்பா, நானும் அதே மரம் அறுக்குற மில்லுலதான் பலகை இழுத்துச் சாகுறேன். போறதுன்னா போ. இதைக் கேட்டுட்டுப் போ.

லொரேன், உன் தம்பி கதையைச் சொல்லட்டுமா? கரண்ட் வர்ற வரைக்கும் வேற என்ன வேலை... சரி. அடுப்புல இன்னொரு கட்டையைப் போடு.

பெவன். லொரேனோட தம்பி, என் மச்சினன். ஆள் ஒல்லி, வாய் மட்டும் ரெண்டு முழம். வீட்டுல ஒரே கார். அதை அவன் பொண்டாட்டி டானா எடுத்துட்டுப் போயிடுவா, முதியோர் இல்லத்துல விடிகாலை ஷிப்ட். இவனுக்கு மிச்சம் பைக்குதான். குளிர் காலம் பூரா அதுலதான் மலையைத் தாண்டி மில்லுக்கு வருவான். சட்டைக்குள்ள பழைய பேப்பரை மடிச்சு வச்சுக்குவான். சாக்ஸ் மேல ரொட்டி வாங்கின பிளாஸ்டிக் பை. கம்பளிக் கையுறைக்கு மேல, பாத்திரம் கழுவுற மஞ்சள் ரப்பர் கையுறை. "வாம்மா, பாத்திரமெல்லாம் கழுவியாச்சா?"ன்னு கேப்போம். "உங்க வீட்டுப் பாத்திரம்தான் பாக்கி, நாத்தம் தாங்கல"ம்பான். அப்புறம் சுவத்தைப் பாத்துத் திரும்பி நின்னுக்குவான். விரலுக்கு ரத்தம் திரும்புறப்ப உயிர் போற மாதிரி வலிக்கும். கண்ணுல தண்ணி வர்றதை நாங்க பாக்கக் கூடாதாம்.

பைக்காரங்களுக்குள்ள ஒரு வழக்கம் உண்டு. டேரனுக்குத் தெரியும், மத்தவங்களுக்குச் சொல்றேன். வழியில ஏதாச்சும் ஆகி உதவி வேணும்னா, ஹெல்மெட்டைக் கழட்டி ரோட்டோரம் தரையில வைக்கணும். அதைப் பாத்த பைக்காரன் நின்னே ஆகணும். கார்க்காரனுக்கு இது தெரியாது. எவனோ தவற விட்டுட்டான்னு போயிடுவான்.

அன்னைக்கு உச்சியைத் தாண்டி இறங்குற வளைவு. தண்ணி கண்ணாடியா உறைஞ்சு கிடக்கு. பெவன் மெல்ல ஓட்டிக்கிட்டு வர்றான்... விளக்கு வெளிச்சத்துல ஒரு ஹெல்மெட். சிவப்பு. ரோட்டோரம், ஒழுங்கா நிமித்தி வச்சிருக்கு. பக்கத்துல பைக் இல்ல. ஆள் இல்ல.

அவனுக்கு அர்த்தம் தெரியும். பிரேக்குல கால் கூட வச்சான். ஆனா அவனுக்கும் அப்ப ரெண்டு லேட்டு. வேலை போச்சுன்னா வீட்டுத் தவணை போச்சு, வீடு போச்சு. பின்னாடி யாராச்சும் வருவாங்கன்னு நினைச்சான். கையைத் தூக்கி ஒரு சலாம் போட்டான். போயிட்டான்.

தபால் வண்டிக்காரன்தான் அப்புறம் பாத்தானாம். ரோட்டை விட்டுத் தள்ளி, வேலிக் கம்பத்துல சாஞ்சபடி ஒரு ஆள், வெறுந்தலையோட. டெனிஸ்னு ஒருத்தன், செம்மறிக்கு ரோமம் கத்தரிக்கிறவன். வண்டி கீழ பள்ளத்துல கிடந்திருக்கு. ஒடஞ்ச காலோட மேல ஊர்ந்து வந்து, ஹெல்மெட்டைக் கழட்டி வச்சுட்டு உக்காந்திருக்கான். குளிர்லயே போயிட்டான். டீ ரூம் ரேடியோவுல சொன்னாங்க. பெவன் கையில கப்பு இருந்துச்சு... குடிக்கவும் இல்ல, வைக்கவும் இல்ல.

போலீஸ் அந்தச் சிவப்பு ஹெல்மெட்டைத் தேடுச்சு. கிடைக்கவே இல்ல.

கிடைக்கலதானே? அடுத்த உறைபனி அன்னைக்குக் காலையில அது அதே வளைவுல இருந்துச்சு.

பெவன் நிக்கல. அதுக்கடுத்த உறைபனிக்கும் இருந்துச்சு, இந்தத் தடவை ரோட்டு ஓரத்துல போட்ட வெள்ளைக் கோட்டு மேல. அப்புறம் கோட்டுக்கு உள்ள. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா ரோட்டு நடுவுக்கு வருது. அது கூடப் பரவாயில்ல. அதோட கண்ணாடியில ஆவி பிடிச்சிருக்கு. ஹெல்மெட் போட்டு மூச்சு விட்டா உள்ள படியுமே... அந்த ஆவி.

ஒரு ஞாயித்துக்கிழமை இதே மேஜையில உக்காந்து லொரேன்கிட்ட எல்லாத்தையும் கொட்டிட்டான். "நின்னு எடுத்துடுடா, அது அதுக்குத்தான் கேக்குது"ன்னா இவ. "நின்னா லேட்டாயிடும்கா. வேலை போனப்புறம் யாரு சோறு போடுவா, ட்ரெவரா?"ன்னான். ட்ரெவர்தான் எங்க ஃபோர்மேன். "சீக்கிரம் கிளம்பு"ன்னா. "கிளம்பிப் பாத்தேன். எத்தனை மணிக்குப் போனாலும் அது எனக்கு முன்னாடி வந்துடுது."

ஆகஸ்ட்ல ஒரு காலை. மூடுபனி, அதுக்குள்ள உறைபனி. நான் வேலைக்கு வந்த நேரம் பதியுற மெஷின்ல கார்டு அடிச்சுட்டு நிக்கிறேன். பெவன் உள்ள வந்தான். நேரத்துக்கு வந்துட்டான். தலையில ஹெல்மெட், அது மேல வெள்ளையா உறைபனி. கார்டை அடிச்சான்... டக். நேரா என் எதிர்ல வந்து நின்னு பலகை இழுக்க ஆரம்பிச்சான்.

"என்னடா, தலையோட ஒட்டிக்கிச்சா?"ன்னு கேட்டேன். நிமிந்தான். கண்ணாடி பூரா ஆவி, உள்ள முகமே தெரியல. ஒரு வாடை வந்துச்சு. ஈரக் கம்பளி, செம்மறி ரோமத்து எண்ணெய்ப் பிசுக்கு. கையில மஞ்சள் கையுறை இல்ல. அதெல்லாம் எனக்கு அப்ப உறைக்கல. பக்கத்துலயே மரம் காய வைக்கிற சூளை, நான் வேர்த்துக் கொட்டுறேன். அவன் தலையில இருந்த பனி மட்டும் உருகல.

டீ நேரம். எல்லாரும் உள்ள போனோம். அவன் கதவு பக்கத்துல நின்னான். போன் அடிச்சுச்சு, ட்ரெவர் எடுத்தாரு. "இல்லையே, பெவன் இங்கதான் இருக்கான்"னாரு. அப்புறம் கேட்டுக்கிட்டே இருந்தாரு. முகம் மாறிடுச்சு.

வளைவுல ஒரு பைக், ஸ்டாண்டு போட்டு ஒழுங்கா நிக்குதாம். வேலிக் கம்பத்துல சாஞ்சு பெவன். வெறுந்தலை. உடம்புல ஒரு கீறல் இல்ல. விடியறதுக்கு முன்னாடியே போயிட்டானாம்.

நாங்க கதவைத் திரும்பிப் பாத்தோம். ஆள் இல்ல. தரையில ஹெல்மெட் மட்டும், நிமித்தி வச்சிருந்துச்சு. இப்பதான் பனி உருகி ஓடுது. பனிக்கு அடியில சிவப்பு.

பெவனோட ஹெல்மெட் நீலம்டா. அது அங்க வளைவுல இருந்துச்சு. ரோட்டோரம், வழக்கப்படி. நம்ம மில்லுக்கு மரம் ஏத்திட்டு வர்ற லாரிங்க அத்தனையும் அதைத் தாண்டித்தான் வந்திருக்கு. ஒருத்தன் நிக்கல. எவனைக் கேட்டாலும் ஒரே பதில், "யாரோ தவற விட்டுட்டாங்கன்னு நினைச்சேன்."

ஏன் வந்தான் அந்த டெனிஸ்? பெவனுக்கு லேட் விழக் கூடாதுன்னா? இல்ல, பழி தீந்துச்சுன்னு காட்டவா? எனக்குத் தெரியாது. ட்ரெவர் என்ன சொன்னாரு தெரியுமா? பெவனோட கார்டைக் கையில வச்சுக்கிட்டு, "நல்ல வேளை, மூணாவது லேட் இல்ல"ன்னாரு. அந்த மூணு லேட்டு சட்டமும் இன்னும் அப்படியே இருக்கு, பாத்தியா. நீ சாவியோட நிக்கிறியே.

அந்தச் சிவப்பு ஹெல்மெட்டை டெனிஸோட பொண்டாட்டி தொட மாட்டேன்னுட்டா. ட்ரெவர் கொண்டு வந்து லொரேன் கையில கொடுத்தாரு. "இது என் தம்பியோடது இல்லைங்க"ன்னா. "அப்ப யாரோடது? நீயே வச்சுக்கோ"ன்னுட்டுப் போயிட்டாரு.

இங்கதான் இருக்கு. அந்த அலமாரி மேல, போர்வைக்குப் பின்னாடி. நம்பலையா? ஸ்டூலைப் போட்டு ஏறு. டார்ச் எடுத்துக்கோ...

ம். கண்ணாடி மங்கலா இருக்கா? தூசியா இருக்கும்டா. விரலால துடைச்சுப் பாரு.

...போகலையா?

உள்பக்கம் துடை.