என் காது இரைந்த செவ்வாய்க்கிழமை

எனக்கு எழுபத்தாறு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். ஐந்து நான் பெற்றவை.

சண்டைக் காலம். கடலுக்கு அந்தப் பக்கம், ஆமிக் காம்பில், 'டுப்' என்கிறது. மரப்பெட்டியின் மூடி விழுவது போல. எண்ணத் தொடங்குகிறேன். பதினேழு எண்ணினால் ஷெல் எங்கள் குருநகரில் விழும்.

"வருது! பங்கருக்கை ஓடுங்கோ!"

எங்கள் சின்னத் தெரு, அந்த ஒழுங்கை முழுதும் பதுங்கு குழிக்கு ஓடுகிறது. அந்த 'டுப்' எப்போதும் எனக்குத்தான் முதலில் கேட்கும். பக்கத்து வீட்டுப் பிலோமினா பகிடி விடுவாள். "அன்னம்மாக்கா இருக்கேக்கை எங்களுக்கு நாய் என்னத்துக்கு?" எனக்கு அதில் பெருமை.

அன்று செவ்வாய்க்கிழமை. காலை. ஷெல் பங்கர் வாசலுக்குக் கிட்ட விழுந்தது. மண் கொட்டியது. பிறகு காது இரையத் தொடங்கியது. இடது காதில் கேத்தில் கொதிக்கும் கூவல். வலது காதில் தூரத்தில் போகும் எஞ்சின் வள்ளம். வெளியில் ஒன்றும் கேட்கவில்லை. பிலோமினாவின் வாய் அசைந்தது. என்ன கேட்கிறாள் என்று தெரியும். இனியும் வருமோ, அக்கா?

காது கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வெட்கம். ஒழுங்கையே என் காதை நம்பியிருந்தது.

"ஓய்ஞ்சிட்டுது. போங்கோ."

என் பிள்ளைகளை நான் எழும்ப விடவில்லை.

பிலோமினா இரண்டு வயது மேரியை என் மடியில் இருத்தினாள். பிள்ளைக்குப் பால் காய்ச்சப் போனாள். பின்னால் அவள் புருஷன். அவனுக்குப் பின்னால் அவள் தாய். அடுத்த 'டுப்' எனக்குக் கேட்கவில்லை. எண்ண ஒருவரும் இல்லை. நிலம் உதைத்தது. அவ்வளவுதான் தெரியும்.

போன மாதம் ஆஸ்பத்திரியில் காது பார்க்கும் பிள்ளை என் தலையில் கருவி மாட்டினாள். என் காது இரைச்சலுக்கு ஒத்ததைத் தேடி ஒவ்வொரு சத்தமாக விட்டாள். "இப்பிடியோ அம்மா? இப்பிடியோ?" கூவல் அகப்பட்டது. எஞ்சின் அகப்பட்டது. இன்னொன்று இருக்கு என்றேன். இடையிடையே ஒரு 'டுப்'. அது அவளின் கருவியில் இல்லை. அது வந்தால் எண்ணுவேன். உலை கொதித்தாலும் எண்ணுவேன். பதினேழு வரும். ஒன்றும் விழாது. பிறகும் குனிந்தபடி இருப்பேன்.

"எப்ப தொடங்கினது?"

"தெரியாது, பிள்ளை."

பொய் சொன்னேன். வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

பிலோமினா. அவள் புருஷன் யோசேப்பு. அவள் தாய். மூன்று பேர். ஒரு வீடு. அடுப்பில் வைத்த பால். மிஞ்சியது மேரி. ஆறாவது அவள்தான்.

அனிட்டா, மேரி உன் அம்மா. என் எழுத்துக் கோணல்தான். வாசி. சத்தமாக வாசி. குசினியில் நிற்கிற அவளுக்கும் கேட்கட்டும்.