அண்டி ஆபீஸ் வேலை

"தெனமும் ஒரு கை அண்டிப்பருப்பு திங்கணுமாம், மைனி. கேட்டியளா கூத்த?"

மார்த்தாண்டம் பேருந்தில், என் முன் இருக்கையில் இருந்த மெலிந்த பெண் இதைச் சொல்லிவிட்டு மூச்சு வாங்கினாள். மடியில் ஆஸ்பத்திரிச் சீட்டு. எங்கள் பக்கத்தில் முந்திரிக்கு அண்டி என்றும், முந்திரி ஆலைக்கு அண்டி ஆபீஸ் என்றும் பெயர்.

"நெஞ்சுச் சளிக்கு அது எதுக்குட்டி?" என்றாள் பக்கத்தில் இருந்த மைனி, அவளுடைய அண்ணி.

"மூச்சு விடுயதுக்கே ஒடம்புல உள்ள சத்தெல்லாம் தீந்து போவுதாம். இன்னும் மெலிஞ்சா மோசமாக்குமாம். முட்ட, மீனு, பருப்புன்னு கொஞ்சங் கொஞ்சமா ஆறு தடவ திங்கணுமாம்."

"என்ன வேலன்னு டாக்டரு கேக்கலியா?"

"கேட்டாரு. அண்டி ஆபீஸுன்னேன். வெளியூரு டாக்டராக்கும். 'ஆபீஸ் வேலதானே, அப்ப புகை ஒண்ணும் கெடையாது'ன்னு எழுதிட்டாரு."

"இருவது வருசமா வறுக்க எடத்துல புகையில நின்னேன்னு சொல்லப்பிடாதா?"

"சொல்ல வாயத் தொறந்தேன், இருமல் வந்துட்டு. அதுக்குள்ள அடுத்த ஆளக் கூப்புட்டாச்சு."

மைனி அவள் மடியில் கிடந்த சீட்டை எடுத்துப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அத்தன வருசத்துல ஒரு பருப்பாவது தின்னிருப்பியா?"

"எங்க மைனி? சாயங்காலம் ஆபீஸ் கேட்டுல வாச்சுமேன்மாருகிட்ட வாயத் தொறந்து காட்டினாத்தான் வெளிய விடுவானுவ."