கெடு முடிந்த வீட்டில் இத்தா

சுபைதா பேகம், வயது 52, க/பெ (லேட்) மீரா முகைதீன், பள்ளிவாசல் மேலத்தெரு, பேட்டை, திருநெல்வேலி. 14.05.2025 பகல் 11 மணிக்கு, நான் வெளியே வர இயலாததால், பெண் காவலர் என் வீட்டுக்குள் வந்து கேட்க, சொல்வதாவது:

என் கணவரின் சிறுநீரக வைத்தியத்துக்காக இந்த வீட்டைப் பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் பலவேசத்துக்கு 03.03.2025 அன்று கிரயம் செய்து கொடுத்தோம். அறுபது நாளில் காலி செய்வதாக நானும் கையெழுத்துப் போட்டேன். அதன் பிறகு 22.03.2025 அன்று என் கணவர் இந்த வீட்டிலேயே மவுத்தானார். அன்று முதல் நான் இத்தாவில் இருக்கிறேன். கணவனை இழந்தவள் பிறைக் கணக்கில் நான்கு மாதம் பத்து நாள் வாசலைத் தாண்டக்கூடாது. மே 2ஆம் தேதி கெடு முடிந்தது எனக்குத் தெரியும். தவறியது நான்தான்.

நேற்று காலை பலவேசம் ஒரு தச்சரோடு வந்து, "கெடு தாண்டி பதினோரு நாளாச்சிம்மா. நாங்களும் வாடகை வீட்டுலதான் கெடக்கோம்" என்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்று, "இத்தா முடியாம போக மாட்டேன் அண்ணாச்சி" என்றேன். அதன் பிறகு தச்சர் தலைவாசல் கதவைக் கழற்றினார். அப்போது நான் அடுக்களையில் சாளை மீன் அரிந்துகொண்டிருந்த கத்தியோடு வந்தது உண்மை. யாரையும் வெட்ட ஓங்கவில்லை. ஆனால் கீழே வைக்கவும் இல்லை. "கதவு ஒங்களுக்கு எழுதிக் கொடுத்ததுதான், கொண்டு போங்க. நான் இங்கனதான் இருப்பேன்" என்று சொன்னேன். அவர்கள் கதவை எடுத்துப் போனார்கள். நான் வாசலில் போர்வையைக் கட்டிவிட்டு, மீதி மீனை அரிந்தேன்.

அதன் பிறகு மாலையில் பலவேசத்தின் மனைவி தங்கத்தாய் தனியாக வந்து, "இன்னும் எத்தன நாளு?" என்று கேட்டார். "எழுவத்தஞ்சி" என்றேன். கேட்டுக்கொண்டு போனார். இன்று காலை அதே தச்சர் வந்து கதவை மாட்டினார். நான் கத்தி காட்டியதாக நேற்று கொடுத்த புகாரை மட்டும் பலவேசம் திரும்பப் பெறவில்லை.

மேலப்பாளையத்தில் என் தங்கை வீட்டுக்குப் போகலாமே என்று கேட்கிறீர்கள். என் கணவர் உயிர் பிரிந்தது அங்கே அல்ல. மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் வழக்கு வேண்டாம் என்கிறீர்கள். எழுதித் தர மாட்டேன். இத்தா முடிந்த மறுநாள் சாவியைத் தங்கத்தாய் கையில் கொடுப்பேன். அதுவரை யார் வந்தாலும் போக மாட்டேன். வழக்குப் போடுவதானால் போடுங்கள்.

நான் சொன்னதைப் பெண் காவலர் எழுதி வாசித்துக் காட்டினார். சொன்னபடியே இருக்கிறது, ஒரு வார்த்தையும் மாற்ற வேண்டியதில்லை.

(ஒப்பம்) சுபைதா பேகம்