எம்மெட் சவுண்டு

மாலை ஐந்து மணி... சுப்பீரியர் ஏரிக்கரைச் சாலை. ஜனவரி மாதம், அதனால் ஐந்து மணிக்கே கும்மிருட்டு. ஒரு பக்கம் காடு, இன்னொரு பக்கம் உறைந்து கிடக்கும் ஏரி. முன்னால் ஒரு வண்டி இல்லை, பின்னால் ஒரு வண்டி இல்லை. கண்ணாடியில் வைப்பர் மட்டும் கிரீச்... கிரீச்... என்று பனியைத் தள்ளிக்கொண்டிருந்தது.

வேனை ஓட்டிக்கொண்டிருந்தவன் ராய் டெம்பின்ஸ்கி. நம் டெரெக்கின் தாய்மாமன். டெரெக்கை உங்களுக்கெல்லாம் தெரியும், நம் குழுவில் டிரம்ஸுக்கு மைக் வைப்பானே, அவன்தான். பொய் சொல்லும் அளவுக்கு அவனுக்குக் கற்பனை கிடையாது. அதனால் சிரிக்காமல் கேளுங்கள். நம் பேருந்துக்குள் பின்னால் எரியும் அந்த விளக்கையும் அணைத்துவிடுங்கள்... பனி விடும்வரை நாம் எப்படியும் நகரப்போவதில்லை.

ராய் அப்போது டின் ஹார்பர் என்ற ராக் குழுவுக்கு சவுண்ட் மிக்ஸிங் பார்த்தான். அந்த வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவனுக்கு முன்னால் அங்கே இருந்தவன் எம்மெட்.

எம்மெட் இதே சாலையில்தான் செத்தான். முந்தைய குளிர்காலத்தில், இதே போல ஒரு பனி நாளில், வண்டி சறுக்கி ஏரிக்குள் போனது. வசந்தத்தில்தான் உடல் கிடைத்தது.

ராய் எட்டு வருடம் எம்மெட்டுக்குக் கீழே கேபிள் சுற்றியவன். சவ அடக்கத்தில் தேம்பித் தேம்பி அழுதான். ஆனால் அழுதுகொண்டே ஒன்று நினைத்தான்... இனி அந்த சவுண்ட் மிக்ஸர் என் கைக்கு. நினைத்ததும் வயிற்றுக்குள் இதமாக இருந்தது. அது உண்மை. அவனே பிற்பாடு டெரெக்கிடம் சொன்னது.

அந்த இதம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. எந்த ஊருக்குப் போனாலும், கூட்டத்தின் நடுவே மிக்ஸரைப் போட்டு நின்றால், கம்பித் தடுப்பின் மேல் ரசிகர்கள் சாய்ந்துகொள்வார்கள். வாய் திறந்தால் எம்மெட்தான். உயிரோடு இருப்பவனையாவது என்றைக்காவது தோற்கடிக்கலாம். செத்தவனை எங்கே போய்த் தோற்கடிப்பது?

அன்றைக்கு அவர்கள் வாசிக்கப்போவது இரும்புச் சுரங்க ஊர் ஒன்றின் ஐஸ் ஹாக்கி அரங்கத்தில். தகரக் கூரை, சிமெண்ட் சுவர். பனித்தளத்தின் மேல் பலகை பரப்பி அதன்மேல் ஜனங்களை நிறுத்துவார்கள். காலில் குளிர் ஏறும், காதில் எதிரொலி ஏறும். ஒரு தடவை தட்டிய டிரம்ஸ் நாலு தடவை திரும்பி வரும். ஆனால் அதே அரங்கில்தான், எழுபத்தி நாலில், எம்மெட் அந்தக் குழுவின் பெயர் போன கச்சேரியை மிக்ஸ் செய்தான். கடைசி வரிசையில் நின்றவனுக்கும் பாடகி மூச்சு வாங்குவது கேட்டதாம். அந்த இரவின் கேசட் அமெரிக்கா முழுக்கக் கை மாறியது.

பாடகியின் பெயர் டார்லீன். குழு அவளுடையது. ராய் உள்ளே நுழையும்போதே பிடித்துக்கொண்டாள்.

“ராய், வெளிப்படையாவே சொல்லிடறேன். போன மூணு ஊர்லயும் ஜனங்க காசைத் திருப்பிக் கேட்டாங்க. இன்னிக்கும் சரியா வரலேன்னா நான் வேற ஆளைத்தான் பாக்கணும்.”

“அரங்கம் அப்படி இருந்தா நான் என்ன பண்றது, டார்லீன்?”

“இதே அரங்கத்துலதான் எம்மெட் பண்ணினான்.”

 ராய் பல்லைக் கடித்துக்கொண்டு கேபிளை இழுக்கப் போனான்.

எம்மெட்டுக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஸ்பீக்கர் எல்லாம் ஏற்றி முடித்ததும் காலி அரங்கின் கடைசி வரிசை வரைக்கும் நடந்து போவான். தைல வாசனை அடிக்கும் புதினா மிட்டாய் எப்போதும் வாயில் இருக்கும். அங்கே நின்று ஒரே ஒரு தடவை கை தட்டுவான். பட். தலையைச் சாய்த்து, அந்தச் சத்தம் எப்படிச் சாகிறது என்று கேட்பான். அவ்வளவுதான். அதை வைத்து மற்றதையெல்லாம் முடிவு செய்வான்.

அன்று யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து ராயும் கடைசி வரிசைக்குப் போனான். கை தட்டினான்.

பட்.

எதிரொலி வரவில்லை.

மறுபடி தட்டினான். பட்... பஞ்சு மூட்டைக்குள் விழுந்தது போல அடங்கிவிட்டது. அந்தத் தகரக் கொட்டகைக்குள், அவ்வளவு பெரிய காலி இடத்தில், ஒரு முணுமுணுப்புகூடத் திரும்பவில்லை.

இங்கேதான் ராய் தப்புப் பண்ணினான். நம் தொழிலில் இருப்பவன் எவனுக்கும் தெரியும்... காலி அரங்கம் அலறும், ஜனம் வந்து நின்ற பிறகுதான் அடங்கும். மனித உடம்பு சத்தத்தைக் குடிக்கும், கோட்டும் கம்பளிச் சட்டையும் குடிக்கும். காலியாக இருக்கும்போதே ஓர் அரங்கம் அப்படி அடங்கிக் கிடந்தால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். யார் நிற்கிறார்கள் இங்கே?

ராய் அதைக் கேட்கவில்லை. ஸ்பீக்கரை இந்த முறை தானே யோசித்து, எம்மெட் வைக்கும் இடத்தை விட்டு நகர்த்தி வைத்திருந்தான். அதனால்தான் இப்படி என்று பூரித்துப்போனான். எம்மெட்டாலேயே காலி அரங்கில் இதைச் செய்ய முடிந்ததில்லையே! சவுண்ட் செக் தேன் மாதிரி முடிந்தது. டார்லீன்கூட மேடையிலிருந்து கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். ராய் விசில் அடித்துக்கொண்டே பர்கர் தின்னப் போனான்.

கதவு திறந்து ஜனம் உள்ளே வந்தது. நாலாயிரம் பேர் இருப்பார்கள். ஈரக் கம்பளி, பீர், சிகரெட் எல்லாம் சேர்ந்து நாறியது. கம்பித் தடுப்பின் மேல் வழக்கம்போல ரசிகர்கள் சாய்ந்தார்கள். ஒரு தாடிக்காரன் உயரமான கம்பில் இரண்டு மைக்கைக் கட்டி, காலடியில் டேப் ரெக்கார்டரை வைத்து, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு மிக்ஸருக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்தான்.

“கிளீவ்லேண்டுல கேட்டியா?” என்றான் தாடிக்காரன் பக்கத்தில் இருந்தவனிடம். “தொட்டிக்குள்ள தலைய விட்டு யாரோ கத்தற மாதிரி இருந்துச்சு. பாட்டு எது, கிதார் எதுன்னே தெரியல.”

“டொலிடோல மட்டும் என்னவாம்? பேஸ் அடிச்ச அடியில என் பல்லு ஆடிடுச்சு. குரல் மருந்துக்குக்கூட இல்ல.”

“எழுபத்தி நாலுல இதே இடத்துல நின்னேன்டா. அவ உதட்டைப் பிரிக்கற சத்தம் கேட்டுச்சு. என் பொண்டாட்டி அழுதுட்டா. ம்ம்... அதுக்கு எம்மெட் வேணும்.” தாடிக்காரன் ராயைப் பார்த்துச் சிரித்தான். “தப்பா எடுத்துக்காதீங்க பாஸ்.”

“இன்னிக்குக் கேளு. கேட்டுட்டுப் பேசு,” என்றான் ராய்.

விளக்குகள் அணைந்தன. முதல் அடி விழுந்தது.

தட்... தட்... தட்... தட்...

நாலாயிரம் உடம்பு நின்ற அரங்கம், ஆள் இல்லாத கிணறு மாதிரி அலறியது. டிரம்ஸ் பின்சுவரில் மோதித் திரும்பியது. குரல் கூரையில் முட்டிக் குழைந்தது. சாயங்காலம் சத்தத்தைக் குடித்துக்கொண்டிருந்தது எதுவோ, அது இப்போது இல்லை. ராய் மிக்ஸரில் ஒவ்வொரு ஃபேடர் குமிழாக ஏற்றினான், இறக்கினான்.  முன்னால் ஒருத்தி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். மேடையிலிருந்து டார்லீன் நேராக மிக்ஸரையே முறைத்தாள்.

மூன்றாவது பாட்டில் ராய் கைவிட்டுவிட்டான். நிஜமாகவே இரண்டு கையையும் எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டான்.

அப்போது... புதினா வாசனை.

தைலம் கலந்த அந்த வாசனை, அவனுக்கு வலது தோளுக்குப் பின்னாலிருந்து வந்தது. சின்ன மேசை விளக்கின் வெளிச்சத்தில் ஒரு ஃபேடர் அரை விரல் அளவு கீழே இறங்கியது. இன்னொன்று மெதுவாக ஏறியது. அவசரமே இல்லை. எதிரொலி அப்படியே உட்கார்ந்துவிட்டது. கிதார் கிதாராகப் பிரிந்தது. டார்லீன் வரிக்கு நடுவில் மூச்சு இழுத்தாள்... ஹ்ஹ்... அது காதோரம் யாரோ இழுப்பது போலக் கேட்டது.

நாலாயிரம் பேரும் வாயடைத்து நின்றார்கள். டார்லீன் பாடிக்கொண்டே சிரித்தாள். ராய்க்கு வேலை நிலைத்துவிட்டது. சும்மா நின்றிருந்தால் போதும். யாருக்கும் தெரியாது, பேர் அவனுக்குத்தான். பேயே வந்து வேலை பார்த்துக் கொடுத்தால் வேண்டாம் என்பானா ஒருத்தன்?

ஆனால் தாடிக்காரன் ஹெட்போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண் கலங்க, பக்கத்தில் இருந்தவனின் சட்டையைப் பிடித்து உலுக்கினான்.

“டேய்... இது எம்மெட் சவுண்டுடா! எம்மெட் சவுண்டு!”

ராய் காதில் அது விழுந்தது. செத்தும் விடமாட்டானா? தண்ணீருக்குள் மாதக்கணக்கில் கிடந்தும் விடமாட்டானா? எட்டு வருடம் அவன் பின்னால் கேபிள் சுற்றிய பொறாமை முழுக்கத் தொண்டைக்கு வந்தது. கெட்டாலும் அது என் சவுண்டாகக் கெடட்டும் என்று நினைத்தான். இரண்டு முழங்கையையும் மிக்ஸர் மேல் வைத்து, எல்லா ஃபேடரையும் ஒரே தள்ளாக உச்சிக்குத் தள்ளினான்.

ஊ...ஈஈஈ என்று அரங்கமே ஊளையிட்டது. நாலாயிரம் பேர் காதைப் பொத்திக்கொண்டு குனிந்தார்கள். ஏதோ ஒரு ஸ்பீக்கர் கிழிந்து கருகிய நாற்றம் வந்தது. ராய் அந்த ஊளைக்கு மேலே கத்தினான்.

“என் கைடா இது! என் கை!”

யாரோ மெயின் ஸ்விட்சை அணைத்தார்கள். ஒரே அமைதி. அந்த அமைதியில், அரங்கின் கடைசி வரிசையிலிருந்து, ஒரே ஒரு கைதட்டு.

பட்.

அன்றே ராயின் வேலை போனது. பஃபலோவில் இருந்த தன் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். முதல் நாள் சாப்பாட்டு மேசையில் அவன் மனைவி கோரின், “உருளைக்கிழங்கு இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?” என்றாள். வைக்கட்டுமா... கட்டுமா... ட்டுமா... ராய் கரண்டியைப் போட்டுவிட்டான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவள், காலி ஹாக்கி அரங்கின் மறுமுனையிலிருந்து பேசுகிற மாதிரி கேட்டது. தேவாலயம், கடை, பேருந்து... ஆள் இருக்கும் இடமெல்லாம் அப்படித்தான். டாக்டர்கள் காதில் ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கோரின் கொஞ்ச காலம் சைகையால் பேசிப் பார்த்தாள். பிறகு தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

டெரெக் போன வருடம் ராயைப் போய்ப் பார்த்திருக்கிறான். அறையில் ஒன்றுமே இல்லை. திரை, கம்பளம், கட்டில் என எல்லாவற்றையும் ராய் வெளியே தூக்கிப் போட்டிருந்தான். வெறும் சுவர், வெறும் தரை. மூலையில் சுவரோடு ஒட்டி, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“என்ன மாமா இது? ஒரு நாற்காலிகூட இல்லாம?”

ராய் காதருகே கையை ஆட்டினான். “மெதுவாப் பேசுடா. இங்கயாவது எனக்கு ஒழுங்காக் கேக்குது. ஒண்ணு பண்ணு. கை தட்டு.”

“எதுக்கு?”

“தட்டேன்.”

டெரெக் தட்டினான். அந்த மாதிரி மொட்டை அறையில் டங்கென்று அதிர வேண்டும். அவனும் நம் தொழில்காரன்தானே, அவனுக்குத் தெரியும்.

பட்.

அப்படியே செத்தது. நாலாயிரம் பேர் நிற்கும் அரங்கில் தட்டியது போல.

டெரெக் அந்தக் காலி அறையைச் சுற்றிப் பார்த்தான். “மாமா... யாரு நிக்கறாங்க இங்க?”

“பாட்டுக் கேக்க வந்தவங்க. அன்னிக்கு சாயங்காலம் அந்தக் காலி அரங்கத்துல நின்னாங்களே, அவங்கதான்.” ராயின் முகத்தில் பயம் இல்லை. அதைவிட மோசமான ஒன்று இருந்தது. “எனக்காகத்தான் என் கூடவே வந்திருக்காங்கன்னு நெனச்சேன்டா. இத்தனை நாளாச்சு. ஒருத்தன்... ஒருத்தன்கூடத் திரும்பி என்னைப் பாக்கல. எல்லாரும் முதுகைக் காட்டிக்கிட்டு அந்தக் கதவையே பாத்துக்கிட்டு நிக்கறாங்க.”

“நான் கெளம்பறேன் மாமா.”

“ஓரமாப் போ. யாரையும் மிதிச்சிடாத.”

கதவு மூன்றடி தூரம்தான். டெரெக் சுவரோடு ஒட்டி, பக்கவாட்டில் நகர்ந்துதான் அதை அடைந்தான். ஏன் அப்படிப் போனான் என்று அவனுக்கே தெரியவில்லை. கைப்பிடியைத் திருப்பினான். வெளியே நடைவழி இருட்டாக, காலியாக இருந்தது. ஏரித் தண்ணீர் சொட்டிய மாதிரி தரை ஈரமாக இருந்தது. புதினா வாசனை அடித்தது.

அறைக்குள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்துப் பிடிப்பது கேட்டது.

டெரெக் கதவை முழுக்கத் திறந்து பிடித்துக்கொண்டு, ஒதுங்கி நின்று... வழி விட்டான்.